இலவும் நிலைமாற்று வினையும்

தேனி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்த ஊர் போடிநாயக்கனூர். ஊரின் மேற்கே நிமிர்ந்து நோக்கின், மலைமேல் மலை அடுக்கியதுபோன்ற தோற்றம் கண்ணைக் கவரும். போடிமெட்டுக்குச் செல்லும் சாலை வளைந்து வளைந்து மேலேறும். மலையின் உயர்ந்த பரப்பில் நிழல்மரங்களின் கீழ் ஏலச்செடிகள் தழைத்து நிற்கும். அடிவாரத்தில் மாந்தோப்புகளும் இலவந்தோப்புகளும் பரந்து கிடக்கும். மலையில் விளைந்த ஏலம் போடிக்கு இறங்கி வந்து, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணுக் கூடத்தில் ஏலம் விடப்பெறுகிறது. அடிவாரத்தில் விளைந்த இலவம்பஞ்சோ, மெத்தையாகவும் தலையணையாகவும் உருப்பெற்று ஊர்தோறும் செல்கிறது.

'இலவு காத்த கிளி போல' என்னும் பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இலவமரத்தின் பசுங்காயைக் கண்ட கிளியொன்று, அது கனியும் கனியும் என்று நாள்தோறும் காத்திருந்ததாம். காய் முற்றியது, வெடித்தது, பழச்சுளைக்கு மாறாகப் பஞ்சு பறந்தது. கிளி ஏமாந்து போயிற்று. வீணாகக் காத்திருப்போருக்கு நம் முன்னோர் இக்கிளியை உவமை கூறினர். கிளி ஏமாந்தது உண்மையே; ஆயின் இலவு ஏமாற்றிற்று என்பது உண்மையன்று. பஞ்சினுள்ளே வித்து இருந்தது. வித்தினுள்ளே எண்ணெய் இருந்தது. அவ்வெண்ணெயினுள்ளே என்ன இருந்தது என்பதைக் கிளி மட்டுமன்று, மாந்தரும் நெடுங்காலம் அறியவில்லை. அதனை அறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நம் பழைய இலக்கியங்கள் போற்றும் இலவு, செந்நிறப் பூக்களைத் தாங்கும் முள்ளிலவு. இன்று தோப்புகளில் பஞ்சுக்காக வளர்க்கப்பெறுவது அதன் உறவினதாகிய வேறொரு மரம். இதன் பஞ்சினை அயல்நாட்டார் 'கப்போக்கு' என்பர். அது மலாய் மொழியினின்று சென்ற சொல். பருத்தியில் பஞ்சு வித்தினைப் பற்றிக்கொண்டிருக்கும். இலவிலோ பஞ்சு காயின் உட்சுவரைப் பற்றி வளர, வித்துகள் இடையே தனித்துக் கிடக்கும். ஆதலின் பஞ்சையும் வித்தையும் பிரித்தல் எளிது. இப்பஞ்சின் இழை உள்ளே கூடானது. புறத்தே மெழுகு பூசியது போன்றது. நீரை ஏற்காது மிதப்பது. இக்காரணத்தால் கடலில் உயிர்காக்கும் உடைகளில் ஒருகாலத்தில் இதனை நிரப்பினர்.

பஞ்சை எடுத்தபின் எஞ்சும் கரிய சிறு வித்துகளை ஆட்டினால் எண்ணெய் கிடைக்கும். வித்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை எண்ணெயே. அதனைச் சோப்புச் செய்யப் பயன்படுத்துவர். பிண்ணாக்கை மாட்டுக்கு இடுவர். இவ்வெண்ணெயில் உடலுக்கு ஒவ்வாத சில அமிலங்கள் சிறிதளவு கலந்திருத்தலின், தூய்மை செய்யாமல் உணவுக்குக் கொள்ளல் தகாது. எனவே இலவ எண்ணெய்க்கு நல்லெண்ணெய் போன்றோ கடலையெண்ணெய் போன்றோ மதிப்பு வாய்க்கவில்லை. பஞ்சுக்கு ஒரு விலை, வித்துக்கு அதனினும் தாழ்ந்த விலை என்பதே வழக்கம். ஒரு பொருளின் விலை அப்பொருளினால் மட்டும் அமைவதன்று. அப்பொருளைப் பற்றிய அறிவினாலும் அமைவது. இவ்வுண்மையை விளக்கவே வேதியியலின் ஒரு வினையை இங்கு எடுத்துக் கொள்வோம்.

முதலில் 'எஸ்டர்' என்பது யாது என அறிதல் வேண்டும். ஓர் அமிலமும் ஓர் ஆல்ககாலும் கூடி, நீரை வெளியேற்றி, ஒன்றாகும் பொருளே எஸ்டர். இச்சொல் புதிதாக இருப்பினும் பொருள் உங்களுக்குப் பழையதே. ஏலக்காயை நசுக்கியவுடன் மூக்கை எட்டும் மணத்திற்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: ஒன்று சினியோல், மற்றொன்று டெர்ப்பினைல் அசிட்டேட்டு என்னும் எஸ்டர். அதே போடியின் அடிவாரத்து இலவ எண்ணெயும் எஸ்டரே. ஏலத்தின் எஸ்டர் சிறியது. காற்றில் பறந்து மணம் பரப்புவது. எண்ணெயின் எஸ்டர் பெரியது. கனத்துப் பாத்திரத்திலே தங்குவது. இனம் ஒன்றாயினும் அளவினால் குணம் வேறுபட்டது.

எண்ணெயின் ஒரு மூலக்கூற்றை மனக்கண்ணால் காண்போம். கிளிசரின் என்னும் சிறு தண்டில் மூன்று நீண்ட சங்கிலிகள் தொங்குகின்றன எனக் கொள்க. ஒவ்வொரு சங்கிலியும் ஒரு கொழுப்பு அமிலம். இலவ எண்ணெயில் லினோலியிக், ஒலியிக், பால்மிட்டிக் என்னும் மூன்று அமிலங்களே பெரும்பங்கு. எண்ணெயுடன் மெத்தில் ஆல்ககாலையும் சிறிது காரத்தையும் சேர்த்துச் சூடாக்கினால், சங்கிலிகள் கிளிசரினை விட்டு நீங்கி, மெத்தில் எஸ்டர்களாகத் தனித்தனியே நிற்கும். தாவர எண்ணெயினின்று டீசல் போன்ற எரிபொருள் செய்யும் முறையும் இதுவே.

இனி அச்சங்கிலிகளுள் ஒன்றை உற்று நோக்குவோம். ஒலியிக் அமிலச் சங்கிலியில் 18 கார்பன் அணுக்கள் உள்ளன. அவற்றுள் 9ஆம் கார்பனும் 10ஆம் கார்பனும் மட்டும் இரட்டைப் பிணைப்பால் இணைந்தவை. ஏனையவை ஒற்றைப் பிணைப்பால் இணைந்தவை. நூலின் நடுவே இட்ட முடிச்சுப்போல அவ்விரட்டைப் பிணைப்பு சங்கிலியின் சரிபாதியில் அமைந்துள்ளது. அம்முடிச்சை அவிழ்த்து இரு பாதிகளையும் வேறு துணைகளோடு கூட்ட இயலுமாயின், ஓர் எண்ணெயினின்று பல புதிய பொருள்களைப் பெறலாம் அன்றோ? அதனைச் செய்வதே 'மெட்டாதெசிசு' என்னும் வினை.

மெட்டாதெசிசு என்பது கிரேக்கச் சொல். 'இடம் மாற்றி வைத்தல்' என்பது அதன் பொருள். வேதியியலார் இச்சொல்லை எடுத்தாள்வதற்கு முன்பே மொழிநூலார் இதனை ஆண்டு வந்தனர். தமிழ் இலக்கணம் பயின்ற உங்களுக்கு இக்கருத்து புதியதன்று. தசை என்பது சதை என வருகிறது. விசிறி என்பது சிவிறி என வருகிறது. வண்டினைக் குறிக்கும் ஞிமிறு, மிஞிறு என வருகிறது. இவற்றை 'எழுத்து நிலைமாறுதல்' என்பர். எழுத்து ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை, நின்ற நிலையே மாறியது. இதனை ஒட்டி, வேதியியலின் மெட்டாதெசிசையும் நாம் 'நிலைமாற்று வினை' என்று வழங்குவோம்.

இலக்கணத்தில் எழுத்துகள் ஒரு சொல்லினுள்ளே நிலைமாறுகின்றன. வேதியியலிலோ இரு மூலக்கூறுகளுக்கு இடையே பாதிகள் நிலைமாறுகின்றன. 'பொன்வளை', 'வெள்ளிக்குடம்' என்னும் இரு தொடர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நிலைமொழி, வருமொழி எனப் பிரித்து, துணையை மாற்றிப் புணர்த்துங்கள். 'பொற்குடம்', 'வெள்ளிவளை' என இரு புதிய தொடர்கள் பிறக்கும். முன்பு இருந்த சொற்களே இப்பொழுதும் உள்ளன. ஆயினும் பொருள்கள் வேறாயின. இரட்டைப் பிணைப்பின் இருபுறத்தும் உள்ள கார்பன் பகுதிகள் இவ்வாறே துணைமாறிக் கொள்கின்றன.

ஆயினும் சொற்களை நாம் வாயினால் பிரித்துவிடலாம். இரட்டைப் பிணைப்போ எளிதில் பிரியாது. அதனைப் பிரித்துச் சேர்க்க வினையூக்கி வேண்டும். வினையை விரைவுபடுத்தி, முடிவில் தன் பழைய நிலைக்கே மீள்வது வினையூக்கி எனப்படும். 1964ஆம் ஆண்டில் பேங்க்சு, பெய்லி என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர், மாலிப்டினம் கலந்த வினையூக்கியால் புரொப்பிலீன் வாயு எத்திலீனாகவும் பியூட்டீனாகவும் மாறுவதை வெளியிட்டனர். 1967இல் கால்டெரோன் என்பாரும் அவர்தம் குழுவினரும் இவ்வகை வினைக்கு மெட்டாதெசிசு என்னும் பெயரை இட்டனர். வினை நிகழ்வதைக் கண்டனர். அஃது எவ்வாறு நிகழ்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை.

அப்புதிரை விடுவித்தவர் பிரெஞ்சு நாட்டு வேதியியலறிஞர் இவ் சோவன். அவரும் அவர்தம் மாணவர் எரிசோனும் 1971இல் ஒரு விளக்கத்தை வெளியிட்டனர். வினையூக்கியின் உலோக அணு ஒரு கார்பன் அணுவை இரட்டைப் பிணைப்பால் பற்றியிருக்கும். அவ்வுலோகமும் அதன் கார்பனுமாகிய இணை, எண்ணெயின் இரட்டைப் பிணைப்புள்ள கார்பன் இணையை அணுகும். நால்வரும் கைகோத்து ஒரு சதுரமாவர். பின்னர் அச்சதுரம் முன்னிருந்த திசையில் பிளவுறாது, மற்றைத் திசையில் பிளவுறும். உலோகம் தான் கொண்டுவந்த கார்பனை விட்டுவிட்டு, எண்ணெயின் ஒரு கார்பனைப் பற்றிக்கொண்டு வேறோர் இணையை நாடிச் செல்லும். இவ்வாறு ஒரே உலோக அணு ஆயிரக்கணக்கான இணைகளைத் துணைமாற்றும்.

வழி விளங்கியபின் நல்ல கருவிகள் தோன்றின. அமெரிக்க நாட்டு ரிச்சர்டு ஷ்ராக் 1990இல் மாலிப்டினத்தைக் கொண்டு ஆற்றல்மிக்க வினையூக்கி ஒன்றை அமைத்தார். இராபர்ட் கிரப்ஸ் ருத்தேனியம் என்னும் உலோகத்தைக் கொண்டு, காற்றையும் ஈரத்தையும் ஓரளவு பொறுக்கும் வினையூக்கிகளை 1990களில் அமைத்தார். சோவன், கிரப்ஸ், ஷ்ராக் ஆகிய மூவர்க்கும் 2005ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இவ்வினை தாவர எண்ணெய்க்கு வந்த வரலாறும் அறியத்தக்கது. 1972இல் ஆம்சுடர்டாம் பல்கலைக்கழகத்தில் பூல்ஹௌவர் என்பாரும் அவர்தம் துணைவரும், டங்ஸ்டன் சேர்ந்த வினையூக்கியால் ஒலியிக் அமிலத்தின் மெத்தில் எஸ்டரை நிலைமாறச் செய்தனர். அதன் சங்கிலியில் ஒரு பாதி 9 கார்பன் கொண்ட வெறும் பாதி; மற்றொரு பாதி 9 கார்பனும் எஸ்டர் முனையும் கொண்டது. இரு மூலக்கூறுகள் துணைமாறின், வெறும் பாதிகள் இரண்டும் கூடி 18 கார்பன் கொண்ட ஹைட்ரோகார்பன் ஆகும். எஸ்டர்ப் பாதிகள் இரண்டும் கூடி இருமுனையிலும் எஸ்டர் கொண்ட 18 கார்பன் பொருள் ஆகும். இருமுனையிலும் பற்றுக்கோடு உள்ள பொருளை முனையோடு முனை கோத்து நெடிய பல்லுறுப்புச் சேர்மமாக்கலாம். ஆயினும் இவ்வினை இருவழியாகவும் நிகழ்வது; ஆதலின் ஏறத்தாழப் பாதி எண்ணெய் மாறியவுடன் சமநிலை எய்தி நின்றுவிடும். விளைந்த பொருள்களுள் ஒன்றை உடனுக்குடன் நீக்கினால் வினை மேலும் நடக்கும்.

எண்ணெய் எஸ்டரோடு எத்திலீன் வாயுவைச் சேர்த்தல் மற்றொரு முறை. எத்திலீனின் இரு கார்பன்களும் பிரிந்து, பாதிக்கு ஒன்றாகச் சேரும். அப்பொழுது 10 கார்பன் கொண்ட டெசீன் என்னும் நீர்மமும், 10 கார்பன் கொண்ட டெசினோயேட்டு எஸ்டரும் பிறக்கும். முன்னையதைக் கொண்டு பொறிகளுக்கு வேண்டிய உயர்ந்த மசகெண்ணெய் செய்யலாம். பின்னையதைக் கொண்டு சலவைப் பொருள், நறுமணப் பொருள், பிளாஸ்டிக்கு முதலியன செய்யலாம். இவற்றுட் பல, பூமியினின்று எடுக்கும் பெட்ரோலியத்தைக் கொண்டே பெரும்பாலும் செய்யப்பெறுவன. பெட்ரோலியம் எடுக்க எடுக்கக் குறையும். மரமோ ஆண்டுதோறும் காய்க்கும்.

இவை ஆய்வுக்கூடத்துக் கனவுகள் மட்டுமல்ல. சாவகத் தீவின் கிழக்கே கிரெசிக் என்னும் துறைமுக ஊர் உள்ளது. அங்கே எலிவன்சு என்னும் அமெரிக்க நிறுவனமும் வில்மார் என்னும் சிங்கப்பூர் நிறுவனமும் கூடி அமைத்த ஆலை 2013இல் வினை தொடங்கியது. பனை இனத்து எண்ணெயை நிலைமாற்று வினையால் மாற்றும் அவ்வாலை, ஆண்டுக்கு 1,80,000 டன் கொள்திறன் உடையதாக அமைக்கப்பெற்றது.

போடியில் அத்தகைய ஆலை இல்லை. ஆயினும் நம் இலவ எண்ணெயைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலவ எண்ணெயில் மிகுந்துள்ள லினோலியிக் அமிலத்திலும் 18 கார்பன்களே உள்ளன. ஆயின் இரட்டைப் பிணைப்புகள் இரண்டு. ஒன்று 9ஆம் கார்பனையடுத்து. மற்றொன்று 12ஆம் கார்பனையடுத்து. இரண்டையும் பிரித்தால் 9, 3, 6 என மூன்று துண்டுகள். எத்திலீன் சேர்ந்தால் முதல் துண்டுக்கு ஒரு கார்பன் கூடி 10 ஆகும். நடுத்துண்டுக்கு இருபுறமும் கூடி 5 ஆகும். கடைத்துண்டுக்கு ஒன்று கூடி 7 ஆகும். கடைசியில் வந்த 7 கார்பன் பொருளுக்கு ஹெப்டீன் என்பது பெயர். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மலைமேல் ஏறுவோம். ஏலச்செடியின் தண்டையும் காயையும் துளைத்து அழிக்கும் புழு ஒன்று உண்டு. அது மஞ்சள்நிறச் சிறகில் கரும்புள்ளிகள் பூண்ட ஓர் அந்துப்பூச்சியின் குஞ்சு. தண்டினுள்ளே மறைந்து வாழ்தலின் மருந்துக்கு எளிதில் அகப்படாது. உழவர் மீண்டும் மீண்டும் பூச்சிக்கொல்லி தெளிக்க நேரிடுகிறது. தெளித்த நஞ்சு காயில் எஞ்சி, ஏற்றுமதிக்கு இடையூறு விளைத்ததும் உண்டு. தெளிக்கும் தொழிலாளர் உடலுக்கும், மலையின் நீருக்கும், பூவில் மகரந்தம் சேர்க்கும் தேனீக்கும் அதனால் தீங்கே. இதற்கு மாற்று வழி ஒன்றுண்டு. பெண் அந்து ஆண் அந்தினை ஈர்க்க ஒரு மணப்பொருளை வெளியிடும். அப்பொருளைச் செய்து பொறியில் வைத்தால், ஆண் பூச்சிகள் தாமே வந்து அகப்படும்.

ஏலத்தைத் துளைக்கும் அந்துக்கு நெருங்கிய உறவினது, ஆமணக்குக் காயைத் துளைக்கும் அந்து. இதன் ஈர்ப்பு மணத்தில் முதன்மையானது 16 கார்பன் கொண்ட ஓர் ஆல்டிஹைடு என ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். அதன் 10ஆம் கார்பனுக்கும் 11ஆம் கார்பனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு அமைந்துள்ளது. அதனை எவ்வாறு கட்டுவது? ஆமணக்கெண்ணெயின் எஸ்டரை மிகுந்த வெப்பத்தில் சிதைத்தால் 11 கார்பன் கொண்ட எஸ்டர் ஒன்று கிடைக்கும். அதன் இரட்டைப் பிணைப்பு கடைமுனையில் உள்ளது. நாம் நினைவில் வைத்த ஹெப்டீனுக்கும் இரட்டைப் பிணைப்பு கடைமுனையிலேயே. இரண்டையும் நிலைமாற்று வினைக்கு உட்படுத்தினால், கடைக் கார்பன்கள் இரண்டும் கூடி எத்திலீனாகப் பறந்து போகும். எஞ்சுவன 10உம் 6உம், கூட்டினால் 16. இரட்டைப் பிணைப்பு நிற்கும் இடமும் 10ஆம் கார்பனுக்கும் 11ஆம் கார்பனுக்கும் நடுவே! எஸ்டர் முனையை ஆல்டிஹைடாக மாற்றும் வழிகள் வேதியியலார் நன்கு அறிந்தவையே. சேலம் மாவட்டத்து ஆமணக்கும் போடி இலவும் கூடி, அந்தினை அழைக்கும் மணமாகலாம் என்பதைத் தாளும் எழுதுகோலும் கொண்டே நாம் கண்டோம்.

தாளில் எளிதானது உலையில் எளிதாகாது. வினை நிகழும்பொழுது விரும்பாத துணைகளும் கூடும். ஹெப்டீன் தன்னொடு தானே கூடுவதும் உண்டு. அவற்றைப் பிரித்தெடுத்தல் வேண்டும். எண்ணெயில் ஈரமோ, காற்றுப்பட்டுச் சிக்கேறிய பொருளோ சிறிதிருப்பினும் வினையூக்கி கெடும். ஆகவே எண்ணெயை மிகத் தூய்மை செய்தல் வேண்டும். ருத்தேனியம் அரிய உலோகம், விலை மிகுந்தது, ஒருதுளியும் வீணாகாமல் மீட்டெடுத்தல் வேண்டும். ஏலத்தைத் துளைக்கும் அந்துக்குரிய மணக்கலவையையும் தனியே தேர்ந்து சோதித்தல் வேண்டும். இத்தடைகளைக் கடப்பதற்குப் பொறுமையும் பயிற்சியும் வாய்ந்த அறிஞர் தேவை. அத்தகையோர் எங்கிருந்து வருவர்? இடுக்கி மாவட்டத்து மயிலாடும்பாறையில் ஏல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி உள்ளது. ஏத்தாப்பூரில் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. போடியிலேயே அரசு பொறியியற் கல்லூரி உள்ளது. இவற்றின் வாயில்கள் உங்களுக்குத் திறந்தே உள்ளன.

மாணவர்களே! கிளி செய்த பிழை காத்திருந்தது அன்று. காயைப் பற்றி ஆராயாமல் காத்திருந்ததே பிழை. கனியை மட்டும் எதிர்பார்த்த கண்ணுக்குப் பஞ்சு ஏமாற்றமாயிற்று. பஞ்சை மட்டும் எதிர்பார்த்த கண்ணுக்கு வித்து குப்பையாயிற்று. அணுவை எண்ணக் கற்ற கண்ணுக்கோ, அவ்வித்தினுள்ளே மசகெண்ணெயும் நறுமணமும் பயிர்காக்கும் மருந்தும் தென்படுகின்றன. பொருள் அன்றும் இன்றும் ஒன்றே. மாறியது அறிவு ஒன்றே. மலையும் மரமும் இயற்கை நமக்கு அளித்தவை. அவற்றின் பயனை முழுதும் கொள்ளும் அறிவை நாமே உழைத்துத் தேடிக்கொள்ளல் வேண்டும். வித்தை விற்றுவிட்டு, அதனின்று பிறந்த பொருளை அயலாரிடம் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கும் நிலை மாறுதல் வேண்டும். எழுத்து நிலைமாறியதைக் கற்றீர்கள். எண்ணெய் நிலைமாறுவதைக் கண்டீர்கள். நம் ஊர்களின் வாழ்வும் நன்னிலைக்கு மாறுதல் உங்கள் கல்வியைப் பொறுத்தது.